பட்டறை பதில்கள்: பழைய ஸ்டீல் மவுண்டன் பைக்

1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவரை வந்த ஸ்டீல் மவுண்டன் பைக்குகள் கராஜ்களிலிருந்தும் பரண்களிலிருந்தும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கூடவே கடிதங்களும் வருகின்றன. அதனால் இந்த இதழ்ப் பக்கங்கள் முழுக்க அவற்றுக்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கராஜ் விற்பனை ஒன்றில் 60 டாலருக்கு ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். 'டாங்கே பிரெஸ்டீஜ்' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. பாகங்கள் எல்லாம் ஷிமானோ டியோர். இது எந்த வருடத்து வண்டி? காசு போட்டுத் திருத்தத் தகுமா?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: வருடத்துக்கு ஷிமானோ பாகங்களே பஞ்சாங்கம். பெடல் பூட்டிய கிராங்க் கையைக் கழற்றி உட்புறம் பாருங்கள். இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976. வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் எம் 1988, ஓ 1990, இஸட் 2001. மாதத்துக்கு ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக, ஓ-வும் ஈ-யும் சேர்ந்திருந்தால் 1990 மே. கிராங்க் மட்டும் பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம். பிரேக், டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) ஆகியவற்றின் எழுத்துகளையும் பார்த்து, குறைந்தது இரண்டு பாகங்களாவது ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வண்டி அந்தத் தேதிக்குச் சில மாதங்கள் பிந்தியதாக இருக்கும்.

டாங்கே பிரெஸ்டீஜ் ஜப்பானில் செய்த, வெப்பப் பதம் ஏற்றிய குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) குழாய். பற்று வைக்கும் முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்திருப்பார்கள். ஸ்டிக்கரில் உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள். 'மூன்று முதன்மைக் குழாய்கள்' என்று இருந்தால் பின்பக்கக் குழாய்களும் ஃபோர்க்கும் சாதாரண ஸ்டீல்தான். அது குற்றமில்லை, ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும்.

தகுமா என்பதை ஃபிரேம்தான் சொல்லும். ஹேண்டில்பார் திரும்பும் தலைக் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கம் விரலை வைத்து மெதுவாக இழுங்கள். பெயின்ட் சுருங்கியோ உலோகம் புடைத்தோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து சீட் கிளாம்ப் வெட்டின் அடிமுனை, செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாய்) பி.பி. கூட்டில் (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் இடம்) சேரும் இடம், பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் வாய்) இரண்டும். இங்கெல்லாம் முடிபோல விரிசல் ஓடும், பெயின்ட் மேல் துருக்கோடாகத்தான் கண்ணுக்குப் படும். வலது செயின்ஸ்டேயில் முன் பல்சக்கரத்தின் அருகே செயின் கடித்த பள்ளம் இருந்தால் நகத்தை வைத்துப் பாருங்கள். பெயின்ட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நகம் உலோகத்தில் இறங்கிச் சிக்கினால் யோசிக்க வேண்டும்.

பிறகு நூல் சோதனை. ஒரு பின் டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, தலைக் குழாயைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரு பக்கமும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் சரி. அதற்கு மேல் போனால் நிமிர்த்த வேண்டும். ஸ்டீல் என்பதால் நிமிர்த்தவும் முடியும்.

கடைசியாக, சீட் போஸ்ட்டும் ஹேண்டில்பார் ஸ்டெமும் அசைகின்றனவா? கனடாவில் குளிர்காலச் சாலை உப்பு பட்ட வண்டியில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான். இரண்டும் அசைந்தால் காசு போடலாம். எப்படியும் புதிதாக வாங்க வேண்டியவை: செயின், கேபிள்கள் உறையோடு, பிரேக் கட்டைகள் இரண்டு ஜோடி, டயர், டியூப், கிரீஸ், பால்ரஸ். முன் ஹப்புக்கு 3/16 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 10. பின் ஹப்புக்கு 1/4 அங்குலம் பக்கத்துக்கு 9. பழைய கப்-கோன் (கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே குண்டு உருளும் வகை) பி.பி.க்கு அதே 1/4 அங்குலம் பக்கத்துக்கு 11. எண்ணி எடுங்கள். ஒன்று குறைந்தாலும் ஓடும், சீக்கிரம் கோனைத் தின்றுவிடும்.

கேள்வி: சீட் போஸ்ட் இம்மியும் அசையவில்லை. துரு எண்ணெய் ஊற்றிச் சுத்தியலால் தட்டியும் பார்த்தாகிவிட்டது. தீயில் காட்டலாமா?
— வாசகர், கிழக்கு லண்டன்

பதில்: தீ வேண்டாம். போஸ்ட் அலுமினியம், குழாய் ஸ்டீல். அலுமினியம், ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். சூடேற்றினால் உள்ளே இருக்கும் போஸ்ட் குழாயை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பெயின்ட்டும் போகும். உங்களுக்கு வேண்டியது குளிர். 27.2 மி.மீ. போஸ்ட்டை 50 டிகிரி குளிர்வித்தால், குழாயும் கூடவே குளிர்ந்தாலும்கூட, வித்தியாசம் சுமார் 0.015 மி.மீ. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பிடித்து வைத்திருப்பது அலுமினிய ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள். அந்தப் பிணைப்பு உடைந்தால் போதும்.

இந்த வரிசையில் போங்கள். கிளாம்ப் போல்டை முழுக்கக் கழற்றிவிட்டு, வெட்டின் காதுகளை ஸ்க்ரூடிரைவரால் மயிரளவு விரியுங்கள். பி.பி.யை வெளியே எடுங்கள். வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, பி.பி. கூட்டின் வழியாகச் சீட் குழாய்க்குள் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். மேலிருந்து ஊற்றிய எண்ணெய் கிளாம்பைத் தாண்டியிருக்காது. பிடிப்பு இருப்பதோ போஸ்ட்டின் அடிமுனையில். இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றுங்கள். பிறகு வெளியே தெரியும் போஸ்ட்டின் மேல் உறைகுளிர் ஸ்ப்ரே அடித்த கையோடு திருப்புங்கள். இழுக்காதீர்கள், திருப்புங்கள். சீட்டைப் பிடித்துத் திருப்பினால் சீட்டின் கம்பிதான் வளையும். போஸ்ட்டின் தலையைச் சுவரோரம் நட்ட நல்ல வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்து இருபுறமும் அசைக்க வேண்டும். ஒரு 'கிறீச்' கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஒலியே இல்லாமல் ஃபிரேம் மட்டும் முறுக்கிக்கொள்வதுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மெல்லிய குழாய் முறுக்கினால் முறுக்கியதுதான்.

அதற்கும் அசையாவிட்டால் போஸ்ட்டின் தலையை வெட்டியெறிந்துவிட்டு, ஆக்ஸா பிளேடால் உட்புறம் நெடுக்காக இரண்டு கீறல் போட்டு, இடுக்கியால் உள்நோக்கிச் சுருட்டி எடுப்பது. ஒரு மாலை முழுக்கப் போகும். பிளேடு ஸ்டீலைத் தொட்டால் ஒலி மாறும். அங்கே நிறுத்த வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசல் ஸ்டீலை விட்டுவிட்டு அலுமினியத்தை மட்டும் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு வரும், கண்ணில் பட்டால் பார்வை போகும், பெயின்ட்டையும் உரிக்கும். திறந்த வெளி, கண்ணாடி, நீளக் கையுறை, கூட ஒரு ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்த வேலையையே நாளெல்லாம் செய்யும் பட்டறைக்குக் கொடுப்பது மலிவு.

எடுத்தபின் பழைய போஸ்ட்டின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்தக் கால வண்டிகளில் 26.2 முதல் 27.2 வரை 0.2 மி.மீ. இடைவெளியில் ஆறு அளவுகள் புழங்கின. 26.8 குழாயில் யாரோ 26.6 போட்டு இறுக்கியிருந்தால் கிளாம்பின் காதுகள் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும். சரியான அளவு கை அழுத்தத்தில் இறங்கும், ஆடாது. கிரீஸ் தடவிப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்து மறுபடி தடவுங்கள்.

கேள்வி: 26 இன்ச் டயர் என்று கேட்டு வாங்கினேன், ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் 26-ம் 26-ம் ஒன்றுதான் என்கிறார்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒன்றில்லை. மவுண்டன் பைக் டயரில் அளவு தசமத்தில் இருக்கும்: 26 × 1.95, 26 × 2.1. இதன் ரிம் விட்டம் 559 மி.மீ. நம் ஊர் சாதாரண சைக்கிளின் 26 × 1 3/8 பின்னத்தில் இருக்கும். அதன் விட்டம் 590. முப்பத்தொரு மி.மீ. வித்தியாசத்தை எந்த டயர் லீவரும் தாண்டாது. அங்குலத்தை மறந்துவிட்டு டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல ஹைபன் போட்ட எண்ணைத் தேடுங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம். 559 இருந்தால் வாங்கலாம். அகலத்தில், பழைய ஃபிரேம்களில் 2.1 அங்குலம்வரை பெரும்பாலும் இடம் இருக்கும். செயின்ஸ்டேயின் இரு பக்கமும் 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ஒரு ஸ்போக் அறுந்து ரிம் கோட்டம் ஆனால் உரசாமல் வீடு வரவேண்டுமே.

கேள்வி: ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாய் ஸ்டிக்கர் போட்ட வண்டி சவாரிக்கு 'மெத்து மெத்து' என்று இருக்கும் என்கிறார்களே?
— வாசகர், அம்பத்தூர், சென்னை

பதில்: விலையுயர்ந்த ஸ்டீலும் மலிவு ஸ்டீலும் வளைந்துகொடுக்கும் தன்மையில் ஒன்றே. வித்தியாசம் வலிமையில். வலிமை கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். எடை குறைவதும் வண்டி துள்ளிக் கொடுப்பதும் அதனால். மெத்தென்று இருப்பதில் பெரும்பங்கு டயருக்கு. 55 பி.எஸ்.ஐ.யை 35 ஆக்கிப் பாருங்கள், ஸ்டிக்கர் இல்லாமலே மெத்தென்று ஆகும்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு உறவு உண்டு. 1935-இல் 531-ஐக் கொண்டுவந்த ரெனால்ட்ஸ், அப்போது பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்திருந்தது. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் 'டி.ஐ.'யும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான்.

கேள்வி: 1991 வண்டி, பின்னால் 7 கியர், முன்னால் மூன்று பல்சக்கரம். இதை முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் 12 கியரும் ஆக மாற்ற ஆசை. செய்யலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: செய்யலாம். ஆனால் 12 வேண்டாம், 9 போதும்.

12-இல் பெரும்பாலான கேஸட்டுகளுக்கு (பின் பல்சக்கர அடுக்கு) புது வகை ஃப்ரீஹப் (கேஸட் ஏறும் ஹப் உடல்) தேவை. அதைப் பழைய 135 மி.மீ. குவிக் ரிலீஸ் அச்சில் தேடிச் சக்கரம் கட்டினால் வண்டி விலையைத் தாண்டிவிடும். 8, 9, 10 கியர் கேஸட்டுகள் ஷிமானோவின் பழைய ஹைபர்கிளைடு உடலிலேயே ஏறும். உங்கள் 7 கியர் உடல் அதைவிட 4.5 மி.மீ. குட்டை. ஆகவே ஹப் மாற்றியே ஆக வேண்டும்.

முதலில் பின் டிராப்அவுட்களின் உள் இடைவெளியை அளங்கள். 126 என்றால் 80-களின் நடு, 130 என்றால் கடைசி, 135 என்றால் 90-கள் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம். 1991 எல்லைக்கோட்டில் நிற்கிறது, எதுவும் இருக்கலாம். 130 என்றால் 135 ஹப்பைக் கையால் விரித்தே போடலாம், பக்கத்துக்கு 2.5 மி.மீ.தான். ஒவ்வொரு பஞ்சருக்கும் மல்லுக்கட்டப் பிடிக்காவிட்டால் நிரந்தரமாக விரியுங்கள். ஒரு முழ மரைக்கம்பி, எம்10, நான்கு நட்டு, தடித்த வாஷர்கள் போதும். உள்ளிருந்து நட்டைத் திருகி 145 வரை விரித்து, தளர்த்தி, அளக்கவும். ஸ்டீல் ஸ்பிரிங்போலத் திரும்பி வந்துவிடும். அடுத்து 148, அடுத்து 151 என்று ஏற்றி, தளர்த்திய நிலையில் 135 நிற்கும்வரை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன நூல் சோதனை கட்டாயம். இரண்டு பக்கமும் சமமாக வளையும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முடிவில் டிராப்அவுட்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. அவற்றை நிமிர்த்தும் கருவி நல்ல பட்டறையில் இருக்கும். நிமிர்த்தாமல் விட்டால் பின் அச்சு வளைந்து ஒருநாள் ஒடியும். இதெல்லாம் ஸ்டீலுக்கு மட்டும். அலுமினிய ஃபிரேமில் முயன்றால் முறிந்துவிடும்.

டீரெய்லர் தொங்கும் காதையும் அதே கையோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்தில் ஒருமுறையாவது வண்டி வலப்பக்கம் விழுந்திருக்கும். காது பின் ரிம்மின் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். ரிம்மின் நான்கு இடங்களில் அளந்தால் வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வரவேண்டும். 7 கியரில் தெரியாத கோணல் 9-இல் பல் தாவும். ஸ்டீல் காது என்பதால் நிமிர்த்தலாம். மரை எம்10 × 1. தேய்ந்திருந்தால் மரை வெட்டும் டேப் ஓட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

பல் கணக்கு. பழைய மூன்றில் சின்னது 24, பின்னால் பெரியது 28 என்றால் மிக இலகுவான கியர் 0.857. முன்னால் 36 பல், பின்னால் 11-42 போட்டால் அங்கேயும் 0.857. ஏற்றத்தில் ஒன்றையும் இழக்கவில்லை. இறக்கத்தில் பழைய 46-12 தந்த 3.83, இனி 3.27 ஆகும். சிங்கப்பூரில் அதைத் தேட வாய்ப்பு குறைவு. உங்கள் கிராங்கில் ஐந்து போல்ட் இருக்கும். போல்ட் வட்டம் பெரும்பாலும் 110 மி.மீ. (90-களின் நடுவில் வந்த, சிறிய பல்சக்கரம் கொண்ட காம்பாக்ட் கிராங்கில் 94). அகலப்பல்-குறுகல்பல் மாறி மாறி வரும் ஒற்றைச் சக்கரம் 110-இல் 36 பல்லுக்கு எளிதாகக் கிடைக்கும். நடுச்சக்கரம் இருந்த இடத்திலேயே குட்டை போல்ட்டால் பூட்டுங்கள், செயின் கோடு தானாகச் சரியாக வரும்.

ஷிஃப்டர், டீரெய்லர் இரண்டும் ஒரே வரிசையிலிருந்து வாங்க வேண்டும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 9 போன்றவை விலைக்கு நியாயம், செயின் குலுங்காமல் பிடிக்கும் கிளட்சும் உண்டு. கிராங்க் போல்ட் 40 நியூட்டன் மீட்டர், கேஸட் பூட்டும் அதே 40. பி.பி.யின் வலப்பக்க மரை தலைகீழ் என்பதை மறந்து ஸ்பானருக்குப் பைப் சொருகியவர்கள் பலர்.

கழற்றிய அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு, போல்ட் உட்பட, சீட்டு எழுதி வையுங்கள். தம்ப் ஷிஃப்டர்களை (கட்டைவிரலால் தள்ளும் கியர் மாற்றிகள்) தனியாகத் துணியில் சுற்றுங்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் தெரியும்.

கேள்வி: பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற கீச்சொலி, ஆனால் வண்டி நிற்பதில்லை. டிஸ்க் பிரேக் வெல்டிங் செய்து போடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். டிஸ்க் பிரேக்கின் இழுப்பு முழுவதும் இடது ஃபோர்க் காலின் அடியில் விழும். உங்கள் ஃபோர்க்கில் மெலிந்து கூம்பும் இடம் அதுதான். வெல்டிங் சூடு பட்ட மெல்லிய குழாயின் வலிமையும் கேள்விக்குறி.

இருக்கிற கான்டிலீவரை (இரு முளைகளில் பூட்டிய கைகள் ரிம்மைக் கவ்வும் பிரேக்) சரியாகக் கட்டுங்கள். பிரேக் கட்டை கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றுங்கள். கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை நல்லது. கட்டையின் முன்முனை பின்முனையைவிட 1 மி.மீ. முந்தித் தொட வேண்டும். பின்முனைக்கு அடியில் ஒரு அட்டைத்துண்டை வைத்து இறுக்கினால் அந்தச் சாய்வு தானாக வரும். கீச்சு பெரும்பாலும் அங்கேயே அடங்கும். இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிளைத் தாழ்த்தினால் பிடிப்பு கூடும், கட்டையின் ஓட்டம் குறையும். ரிம்மில் கோட்டம் எடுத்த பிறகே தாழ்த்த முடியும். முன்பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கே அதிர்ந்தால் குற்றவாளி கட்டையில்லை, ஹெட்செட்டுக்கு (ஃபோர்க் திரும்பும் பேரிங்) மேல் இருக்கும் கேபிள் நிறுத்தி. ஃபோர்க் கிரவுனில் பொருத்தும் நிறுத்தி வாங்கினால் அதிர்வு போகும்.

ஒரு எச்சரிக்கை. முன்பக்க மெயின் கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயர்மேல் விழும். பட்டன் டயர் அதைக் கவ்விச் சக்கரத்தைப் பூட்டும்; ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலால் பறப்பார். ஃபோர்க்கில் ஒரு ரிஃப்ளெக்டர் பட்டையோ மட்கார்டோ இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். அந்தப் பட்டையை 'அழகுக்கு'க் கழற்றியவர்கள் இன்றே திரும்பப் போடவும்.

வி-பிரேக் போடலாம். 1996-இல் ஷிமானோ கொண்டுவந்தது இதே கட்டை முளைகளில்தான் ஏறும். ஆனால் பிரேக் கைப்பிடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கைப்பிடி இழுக்கும் கேபிள் நீளம் வி-பிரேக்குக்குப் போதாது. கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்டபின்னும் வண்டி ஓடும். முளைகளின் இடைவெளி 80 மி.மீ.க்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. இடைவெளி 60 சொச்சம் மி.மீ. மட்டுமே உள்ள மிகப் பழைய ஃபிரேமில் கட்டை ரிம்மில் நேராக உட்காராது. பின்பிரேக் செயின்ஸ்டேயின் அடியில் இருந்தால் அது யு-பிரேக். அதன் முளைகள் வேறு உயரத்தில் இருப்பதால் வி-பிரேக்கும் கான்டிலீவரும் ஏறாது.

ரிம்மின் பக்கச்சுவரில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் ரிம் தேய்ந்தாயிற்று. அதற்கு மேல் நல்ல கட்டை போடுவது ஆபத்தை வேகப்படுத்துவது.

கேள்வி: 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: கூடாது. உங்கள் ஃபிரேம் 395 மி.மீ. உயர ஃபோர்க்கை நம்பி வரைந்தது. புதியது 470 சொச்சம். முன்பக்கம் 75 மி.மீ. தூக்கினால் தலைக் கோணம் 71 டிகிரியிலிருந்து 67-க்குச் சரியும், பி.பி. 30 மி.மீ. உயரும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் விழும். கீழ்க் குழாயின் இணைப்பில் சுமை கூடும். உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் 20 மி.மீ. அமுங்கினாலும் கணக்கு தேறாது. தவிர, உங்கள் தலைக் குழாய் ஒரு அங்குலமா ஒன்றே கால் அங்குலமா என்று பார்த்தீர்களா? அந்த இரண்டு அளவிலும் புது ஃபோர்க் கிடைப்பது குதிரைக்கொம்பு. குலுக்கல்தான் பிரச்சினை என்றால் 2.1 அகல டயரும் காற்றைக் குறைப்பதும்.

கேள்வி: பழைய ஸ்டீல் மவுண்டன் பைக்கை வளைந்த டிராப் ஹேண்டில்பார் போட்டு நீண்டதூரப் பயண வண்டியாக்குவது எப்படி?
— வாசகர், திருச்சி

பதில்: இந்த மாற்றத்துக்கு இவ்வகை ஃபிரேம் பொருத்தம், பாரம் கட்டத் துளைகள்கூட அநேகமாக இருக்கும். சிக்கல் நீளத்தில். மவுண்டன் பைக்கின் மேல் குழாய் நீளம். டிராப் பார் இன்னும் 80 மி.மீ. முன்னால் தள்ளும். ஆகவே 120-130 மி.மீ. ஸ்டெமை எடுத்துவிட்டு 60-70 போட வேண்டும். ஃபோர்க் குழாய்க்குள் செருகும் பழைய குவில் ஸ்டெமின் ஒற்றைப் போல்ட் கிளாம்பில் டிராப் பாரின் வளைவு நுழையாது. குவில் அடாப்டர் வாங்கி, முகம் திறக்கும் புது ஸ்டெமைப் போடுங்கள். ஒரு அங்குல ஹெட்செட்டுக்கு அடாப்டர் 22.2 மி.மீ., 1 1/8 அங்குலத்துக்கு 25.4. குறைந்தபட்சச் செருகல் கோட்டுக்கு மேல் தூக்க வேண்டாம்.

ரோடு பிரேக் கைப்பிடி கான்டிலீவரோடு ஒத்துப்போகும், வி-பிரேக்கோடு போகாது. தம்ப் ஷிஃப்டரின் வளையம் 22.2 மி.மீ.; டிராப் பார் 23.8. ஆகவே பார் முனையில் சொருகும் ஷிஃப்டர்தான் வழி.

கேள்வி: குரோமோலியில் குரோமியம் இருப்பதால் துருப் பிடிக்காது என்று நினைத்தேன். பிடித்திருக்கிறது. பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா?
— வாசகர், பெசன்ட் நகர், சென்னை

பதில்: 4130 குரோமோலியில் குரோமியம் சுமார் 1 சதவீதம். துருவேறா ஸ்டீலுக்குக் குறைந்தது 10.5 வேண்டும். கடற்கரைக் காற்றில் துருப் பிடிக்கத்தான் செய்யும்.

பவுடர் கோட்டிங்குக்கு முன் ஒன்று: அதற்காக மணல் அடித்தால் பழைய ஸ்டிக்கர்கள் போய்விடும், விற்பனை மதிப்பும் கூடவே போகும். சொட்டுச் சொட்டாகத் துரு என்றால் ஆக்சாலிக் அமிலமே போதும். லிட்டருக்கு 25 கிராம், வெதுவெதுப்பான நீர், நனைத்த துணியைச் சுற்றிப் பாலிதீன் உறை போட்டு ஓர் இரவு. இது விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகளும் நாயும் நெருங்கக் கூடாது. ஸ்டிக்கரின் மறைவான ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கவும்; சில பெயின்ட்கள் மஞ்சளிக்கும். பிறகு சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, மெழுகு தேயுங்கள்.

பவுடர்தான் என்று முடிவெடுத்தால் மரைகள், தலைக் குழாயின் இரு முகங்கள், சீட் குழாயின் உட்புறம் எல்லாவற்றையும் அடைத்துத் தரச் சொல்லுங்கள். கரடு மணல் கூடாது, 0.6 மி.மீ. சுவர் தாங்காது. எது செய்தாலும் உட்புறத்தை மறக்க வேண்டாம். கார்களின் உள்ளறைகளுக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரேயைக் குழாய்களின் மூச்சுத்துளை வழியாக அடித்து, ஃபிரேமைச் சுழற்றி, ஒரு நாள் வடியவிடுங்கள். பி.பி. கூட்டின் அடியில் துளை இருந்தால் அது அடைபடக் கூடாது. உள்ளே சேரும் நீருக்கு அது ஒன்றே வாசல்.

கேள்வி: முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வண்டியைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். முழுசாக விற்பதா, பிரித்து விற்பதா? 'விண்டேஜ்' என்று போட்டால் விலை ஏறுமா?
— வாசகர், மிசிசாகா, கனடா

பதில்: அந்தச் சொல்லுக்கு விலை இல்லை, பெயருக்கும் நிலைக்கும்தான் விலை. மவுண்டன் பைக் பிறந்தது கலிபோர்னியாவின் டாமல்பையஸ் மலைச்சரிவில், 1970-களில். 1977-இல் ஜோ பிரீஸ் கட்டியவை, டாம் ரிட்சியின் ஆரம்பகாலக் கைவேலைகள், 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் கொண்டுவந்த முதல் ஸ்டம்ப்ஜம்பர்கள் ஆகியவை சேகரிப்பாளர் பொருள். கைவைக்காமல் அறிந்தவர்களிடம் காட்டுங்கள். அதன்பின் லட்சக்கணக்கில் வந்தவை நல்ல வண்டிகள், அவ்வளவே. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள்.

கூட்டிப் பார்த்தால் பிரித்து விற்பதில் காசு அதிகம். ஷிமானோ எக்ஸ்.டி. தம்ப் ஷிஃப்டர் ஜோடி, முதல் தலைமுறை எக்ஸ்.டி.ஆர். எம்900, சன்டூர் எக்ஸ்.சி. புரோ ஆகியவற்றைத் தேடுவோர் இருக்கிறார்கள். சில வண்டிகளில் ஷிஃப்டர் ஜோடி ஃபிரேமைவிட விலை போகும். ஆனால் ஒவ்வொன்றையும் கழற்றி, கழுவி, படமெடுத்து, இருபது பார்சல் கட்டி, இருபது பேருக்குப் பதில் எழுத வேண்டும். மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத ஃபிரேம். வண்டி மொத்தமும் பிறந்தபடியே இருந்தால் பிரிக்காதீர்கள். அப்படிப்பட்டது வருடத்துக்கு வருடம் குறைகிறது. ஏற்கெனவே பாதி மாறிய வண்டி என்றால் பிரிப்பதில் பாவமில்லை. மாற்றம் செய்து பழைய பாகங்களைப் பெட்டியில் வைத்திருந்தால், அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பதே நல்ல விலை தரும். வாங்குபவர் வேண்டியபடி பூட்டிக்கொள்வார்.

விளம்பரத்தில் இவற்றைப் போடுங்கள்: சீட் குழாய் பி.பி. நடுவிலிருந்து எத்தனை செ.மீ., மேல் குழாய் எத்தனை, பின் இடைவெளி, சீட் போஸ்ட் அளவு, ஹெட்செட் அளவு, போஸ்ட்டும் ஸ்டெமும் அசைகின்றனவா. முதல் பதிலில் நாம் எச்சரித்த அந்த ஐந்தாறு இடங்களின் கிட்டப் படம். பள்ளம் இருந்தால் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். சீரியல் எண் பி.பி. கூட்டின் அடியில் இருக்கும். அது திருட்டுப் பதிவேட்டில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், வாங்குபவரும் பார்ப்பார். நீங்கள் பதிந்திருந்தால் பெயர் மாற்றிக் கொடுங்கள். விரிசல் இருந்தால் 'சுவர் அலங்காரத்துக்கு' என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். யாராவது ஓட்டுவார்கள். அந்த ஃபிரேமை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவதே முறை.

விலை போகாத வண்டியைச் சமூகச் சைக்கிள் பட்டறைகள் எடுத்துக்கொள்ளும். 559 ரிம்மும் சதுர அச்சு பி.பி.யும் அங்கே தினமும் புழங்கும் பொருள்.

பார்சல் கட்டுவதென்றால் சைக்கிள் கடையில் புது வண்டி வந்த காலி அட்டைப்பெட்டி கேளுங்கள். ஃபோர்க் முனைகளுக்கு நடுவே 100 மி.மீ., பின்னால் அளந்த அளவுக்கு ஒரு கட்டை வைத்து இறுக்குங்கள். லாரியில் மேலே ஒரு மூட்டை விழுந்தால் முதலில் நசுங்குவது அந்த இடம். இடது பெடலுக்கு மரை தலைகீழ். பின் டீரெய்லரைக் காதிலிருந்து கழற்றிக் குமிழ்த்தாளில் சுற்றி ஃபிரேமோடு கட்டுங்கள். ஃபிரேமை மட்டும் விற்றாலும் சீட் போஸ்ட், ஹெட்செட், முன் டீரெய்லர் மூன்றையும் கூடவே அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அவை பத்து டாலர், 26.6 போஸ்ட்டுக்காக மூன்று மாதம் அலையப்போகிறவருக்கு அப்படியில்லை.